நோன்பை விட்டால் கடலில் இருப்பவருக்குக் கேடு வருமா?

தோத்திரம் சாமி. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்தான் எனக்கு. வயது 46. வீட்டுக்காரர் கொச்சியில் இருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை செய்கிறார். ஓகி புயலின்போது அவர் கடலில் இருந்தார், ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. அவர் உயிரோடு திரும்பி வந்தால் சாகும்வரை செவ்வாயும் வெள்ளியும் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பேன் என்று அந்தோணியார் குருசடியில் நேர்ந்துகொண்டேன். வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் தவறியதில்லை.

மூன்று வருடமாக எனக்குச் சர்க்கரை. நோன்பு நாளில் மாத்திரையை விட்டுவிடுவேன். சில நாள் பழக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி இருப்பேன். இந்தத் தவக்காலத்தில் சிலுவைப்பாதை நடக்கும்போது மயங்கி விழுந்துவிட்டேன். டாக்டர் நோன்பை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். மாமியாரோ, "நேர்ந்ததை விட்டால் கடலில் கிடப்பவனுக்குத்தான் கேடு" என்கிறார்கள். நன்மை (நற்கருணை) வாங்குவதானால் முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குமேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். போன மாதம் அவர் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

மார்த்தாண்டத்தில் மலங்கரை சபைக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் தவக்காலம் ஐம்பது நாளும் மீன், முட்டை, பால் எதையும் தொடமாட்டாள். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்று சொல்லி நாங்கள் மீன் சாப்பிடுவதைப் பார்த்து, இதெல்லாம் ஒரு நோன்பா என்று கேட்கிறாள். பிளஸ் டூ படிக்கும் என் மகள், வயது 17, திருநீற்றுப் புதனில் இருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். இப்போது காலையும் சாப்பிடுவதில்லை. கேட்டால், இயேசு மறைவாகத்தானே நோன்பு இருக்கச் சொன்னார் என்கிறாள். ரொம்ப மெலிந்துவிட்டாள், மூன்று மாதமாகத் தூரமும் ஆகவில்லை. நான் என்ன செய்ய, சாமி?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இறைவனின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்டது நேர்ச்சையைப் பற்றி. ஆனால் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதிகம் கவலை தந்தது கடைசியில் மகளைப் பற்றி எழுதியிருக்கும் நாலைந்து வரிகள்தான். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

திருநீற்றுப் புதனில் தவக்காலம் தொடங்கி இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. அவளுக்குத் தூரம், அதாவது மாதவிலக்கு, நின்று மூன்று மாதம் ஆகிறது. அப்படியென்றால் அவள் உடம்பில் ஏதோ ஒன்று திருநீற்றுப் புதனுக்கு முன்பே தொடங்கிவிட்டது. என்னவென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு போல வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் சாப்பாட்டை ஒவ்வொரு வேளையாக விட்டுக்கொண்டே வருவதையும், மெலிவதையும், மறைப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற பயம் இந்த வயதில் சில பிள்ளைகளை ஒரு நோயாகவே பிடித்துக்கொள்கிறது. சாதாரண வீட்டில் அதற்கு 'டயட்' என்று பெயர் வரும். நம்மைப் போல ஜெபமும் தபசுமாக இருக்கிற வீட்டில் நோன்பு என்று பெயர் வரும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அவளே அதை நோன்பு என்று நம்பலாம்.

அவள் சொல்லும் வசனம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே இயேசு யாருக்குத் தெரியாமல் நோன்பு இருக்கச் சொல்கிறார்? தெருவில் நின்று பார்த்து, 'எவ்வளவு பெரிய பக்திமான்' என்று மெச்சுகிறவர்களுக்குத் தெரியாமல். முகத்தை வாடவைத்துக்கொண்டு திரியாதீர்கள், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவுங்கள் என்கிறார். பெற்ற தாய்க்கும் வைத்தியருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை உடம்பைக் கரைத்துக்கொள்வதற்கு அந்த வசனத்தில் இடம் இல்லை. சட்டப்படி பார்த்தாலும் நோன்புக் கடமை அவளுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. திருச்சபைச் சட்டம் 1252 சொல்வது இது: இறைச்சி விலக்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கு, ஒருசந்திக் கடமை (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும் வரை. வயது வராத பிள்ளைகளுக்குத் தவத்தின் உண்மையான பொருளைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தையருக்கும் பெற்றோருக்கும் கொடுப்பதும் அதே சட்டம்தான். ஆகவே நீங்கள் தலையிட்டால் அவளுடைய பக்திக்குக் குறுக்கே நிற்பதாக ஆகாது. தலையிடச் சொல்லித் திருச்சபையே உங்களிடம் கேட்டிருக்கிறது.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நோன்புக்கு முடிவு உண்டு. தவக்காலத்து ஞாயிறுகள்கூட நோன்பு நாட்கள் ஆகா. ஞாயிற்றுக்கிழமை அவளால் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா? சாப்பிட்டால் சந்தோஷமாக இருக்கிறாளா, இல்லை அழுகையும் குற்ற உணர்வும் வருகிறதா? கடவுளுக்காகப் பசித்திருப்பவர் திருவிழா வந்தால் சாப்பிடுவார். ஞாயிறு வந்தும் சாப்பிடப் பயப்படுகிற பிள்ளைக்கு வைத்தியம் தேவை. இந்த வாரமே கூட்டிப்போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரையும் பார்க்கலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். மனநல மருத்துவர் என்றதும் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கவே வேண்டாம். முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமானால் 14416 என்ற அரசு உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அதுவரை அவள் தட்டைப் பார்த்துத் திட்டுவதும் வேண்டாம், 'எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாயே' என்று உடம்பைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் அம்மா பட்டினி கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் சாப்பிடத் தொடங்குவது அவளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

சியன்னா நகரப் புனித கத்தரீனாவைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கலாம். நற்கருணையைத் தவிர ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் வாழ்ந்தவர் என்று வரலாறு சொல்லும். அவருடைய ஆன்ம குருக்கள் சாப்பிடச் சொன்னார்கள், அவரால் முடியவில்லை என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. 1380இல் 33 வயதில் இறந்துபோனார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ததற்கும், திருத்தந்தையிடமே அச்சமின்றி உண்மையைச் சொன்னதற்கும் திருச்சபை அவரைக் கொண்டாடுகிறது. அவர் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்துப் பின்பற்றச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

சரி, இனி உங்கள் நேர்ச்சைக்கு வருகிறேன்.

2017 நவம்பர் 30ஆம் தேதியையும் அதற்குப் பிந்தைய நாட்களையும் நம் கடற்கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். அந்த நாட்களில் நீங்கள் குருசடி முன்னால் நின்று நேர்ந்துகொண்டதை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆபத்து நேரத்தில் நோன்பிருந்து மன்றாடுவது விவிலியத்தில் உள்ள வழிதான். தன் மக்களைக் காப்பாற்ற அரசன் முன் போவதற்கு முன்னால் எஸ்தர் மூன்று நாள் நோன்பு இருந்தாள், ஊராரையும் இருக்கச் சொன்னாள். நினிவே நகரத்தார் இருந்தார்கள். பவுலையும் பர்னபாவையும் பயணம் அனுப்பும் முன் அந்தியோக்கியாத் திருச்சபையார் நோன்பிருந்து ஜெபித்தார்கள். வீட்டுக்காரருக்காகப் பசித்திருந்து ஜெபிப்பது நல்ல ஜெபம். அவர் திரும்பி வந்ததற்கு நன்றியாகச் செய்வதும் நல்ல நன்றி.

ஆனால் மாமியார் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. 'நேர்ந்ததை விட்டால் கடலில் கிடப்பவனுக்குக் கேடு' என்றால், நீங்கள் பட்டினி கிடக்கக் கிடக்கத்தான் கடவுள் அவரை உயிரோடு வைத்திருக்கிறார் என்று ஆகிறது. நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை கஞ்சி குடித்தால் அதற்குப் பதிலாக ஒரு மனிதனின் உயிரை எடுத்துக்கொள்கிற ஒருவரை, 'விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று எப்படிக் கூப்பிடுவது? இன்னொன்றையும் யோசியுங்கள். ஓகியில் திரும்பி வராதவர்களின் மனைவிமாரும் ஜெபித்தார்கள். அவர்களும் குருசடிக்குப் போனார்கள், நேர்ந்தார்கள், பசித்திருந்தார்கள், விடியவிடியக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோன்புதான் ஆளைக் கரைக்குக் கொண்டுவரும் என்றால் அவர்களுடைய நோன்பு போதவில்லை என்று சொன்னதாக ஆகும். அப்படி ஒரு விதவையின் முகத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றிப் பேசும்போது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரம். மாமியாருக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். சண்டைக்காக வேண்டாம், ஒரு நாள் மாலை ஜெபத்தில் வாசிக்கலாம். அந்த அம்மாவுக்கும் கடலில் இருப்பது பெற்ற மகன். அந்தப் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது.

இதற்காக நேர்ச்சையைச் சும்மா தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு அது, திருச்சபை அதைப் பெரிதாகவே மதிக்கிறது. மதிப்பதால்தான் அதற்கென்று தெளிவான சட்டமும் வைத்திருக்கிறது. சட்டம் 1191படி நேர்ச்சை என்பது நம்மால் முடிகிற, மேலான ஒரு நன்மையைக் குறித்துக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்தோணியார் குருசடியில் வைத்து நேர்ந்தாலும் வாக்கு கடவுளுக்குத்தான், புனிதர் நமக்காகப் பரிந்து பேசுகிறவர். நேர்ந்துகொண்டபோது உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை, இப்போது இருக்கிறது. அன்று உங்களால் முடிந்த நன்மையாக இருந்தது இன்று உங்களைக் கீழே தள்ளுகிற ஒன்றாக மாறியிருக்கிறது. நேர்ந்துகொண்ட பொருள் அடிப்படையிலேயே மாறிப்போனால் நேர்ச்சையும் நின்றுபோகும் என்று சட்டம் 1194 சொல்கிறது. உங்கள் நிலைமை அதற்குள் வரும் என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் அதை நீங்களாகத் தீர்மானித்துவிட்டு, நாளைக்குக் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கும்போதெல்லாம் 'தப்புச் செய்துவிட்டேனோ' என்று நடுங்க வேண்டாம்.

அதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. தனிப்பட்ட ஒருவருடைய நேர்ச்சையில் இருந்து, நியாயமான காரணம் இருந்தால், அவரை விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. அது சட்டம் 1196. ரோமாபுரிக்கு எழுத வேண்டாம், ஆயர் இல்லத்துக்குக்கூட அலைய வேண்டாம். உங்கள் பங்குச் சாமியிடம் பூசை முடிந்தபின் பத்து நிமிடம் கேளுங்கள். நான் உங்கள் பங்குத்தந்தை இல்லை என்பதால் இந்தக் கடிதத்தாலேயே உங்களை விடுவிக்க என்னால் ஆகாது. நேர்ந்ததை அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்வதற்கு, சட்டம் 1197படி நேர்ந்தவருக்கே உரிமை இருக்கிறது. ஆனாலும் சாமியிடம் போய்ச் செய்வதுதான் உங்கள் மனத்துக்கு அமைதி தரும்.

எதாக மாற்றுவது? இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பர்' என்ற பழைய நூலில் ஒரு யோசனை இருக்கிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள். அன்று சாப்பிட்டிருக்கக் கூடியதற்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, அதை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ கொடு. நோன்பு என்றால் ஒருவர் தட்டில் குறைவது இன்னொருவர் தட்டுக்குப் போக வேண்டும் என்பது தொடக்கத் திருச்சபையாருக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. எசாயா 58ஆம் அதிகாரமும் இதைத்தான் இன்னும் கோபமாகச் சொல்கிறது. நீங்கள் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் உங்கள் பங்குச் சோறு எங்கே போனது? அநேகமாகப் பானையிலேயே இருந்து மறுநாள் பழஞ்சோறாகியிருக்கும். இனி செவ்வாயும் வெள்ளியும் மருத்துவர் சொன்ன நேரத்தில், சொன்ன அளவு, எளிமையாகச் சாப்பிடுங்கள். குழம்புக்கு நல்ல மீன் வாங்கும் பணத்தை எடுத்து வையுங்கள். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடு உங்கள் ஊரிலேயே இருக்கும், உங்கள் பங்கின் அன்பியக் குழுவிலேயே இருக்கலாம். அந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். வீட்டுக்காரருக்காக ஜெபிப்பதையும் அங்கேயே, அவர்களோடு சேர்ந்து செய்யலாம். என்னைக் கேட்டால் இது நீங்கள் நேர்ந்ததைவிட மேலானது. சாமியிடமும் இதையே சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சில வகை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். 70க்குக் கீழே போனால் அது ஆபத்தின் தொடக்கம், உடனே இனிப்பு ஏதாவது எடுக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தினாலோ சர்க்கரை ஏறும். வாரத்தில் இரண்டு நாள் இப்படி ஏற்றி இறக்கினால் கண்ணும் சிறுநீரகமும் தாங்காது. நீங்கள் இதைச் செய்துகொண்டிருந்தது தெரியாமலேயே மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கவும் கூடும்.

'உடம்பை ஒடுக்குவதுதானே தபசு' என்று உங்களுக்குத் தோன்றலாம். லொயோலா இஞ்ஞாசியாருக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. நம் கடற்கரைக்கு 1544இல் வந்த சவேரியாரின் நண்பர், அவருக்கே ஆன்ம வழி காட்டியவர். 1522இல் மன்ரேசாவில் கடுமையாக நோன்பிருந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார், அந்தத் தொல்லை கடைசிவரை அவரை விடவில்லை. பிற்காலத்தில் மற்றவர்களுக்கு ஆன்ம வழி காட்டியபோது அதே தவற்றை அவர்கள் செய்ய அவர் விடவில்லை. அளவுக்கு மீறித் தபசு செய்துகொண்டிருந்த பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு 1548இல் எழுதிய கடிதத்தில் நோன்பைக் குறைக்கச் சொல்கிறார், உடம்பும் கடவுள் கொடுத்ததுதான், அதைப் பேண வேண்டும் என்கிறார். தேவைக்கு மிஞ்சியதைக் குறைப்பது மிதம், தேவையானதிலும் கொஞ்சம் குறைப்பதுதான் தபசு, ஆனால் உடல் நலம் கெடக் கூடாது என்று அவருடைய ஆன்மப் பயிற்சிகளில் எல்லை போட்டிருக்கிறார். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகுநாள் ஆகிறது.

பிரான்சிஸ் சலேசியாரும் 1609இல் வெளியிட்ட நூலில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறார். நாமாக மோசமான உணவைத் தேடி எடுப்பதைவிட, முன்னால் வைத்ததை எதுவானாலும் சாப்பிடுவது பெரிய ஒறுத்தல், ஏனென்றால் அதில் நம் ருசியோடு நம் விருப்பத்தையும் விட்டுக்கொடுக்கிறோம் என்கிறார். உங்களுக்கு இப்போது பட்டினி எளிது. இத்தனை வருடப் பழக்கம், ஊரார் மத்தியில் மதிப்பும் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் பார்க்க இரண்டு இட்லியை எடுத்து வைத்துச் சாப்பிடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கள்.

நன்மை வாங்குவதற்கு முன் நள்ளிரவில் இருந்து தண்ணீரும் இல்லை என்பதை மாமியார் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் தாயார் காலத்தில் அதுதான் சட்டம். 1953இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் தண்ணீர் நோன்பை முறிக்காது என்றார். 1957இல் நோன்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்றைய சட்டம் 919 அதுதான்: நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம், தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. பூசையின் நடுவில் உங்களுக்கு நடுக்கம் வந்தால் கைப்பையில் இருந்து மிட்டாயை எடுத்து வாயில் போட்டுவிட்டு, போய் நன்மை வாங்கலாம். ஒரு பாவமும் இல்லை.

வீட்டுக்காரர் வந்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. எகிப்துப் பாலைவனத் துறவிகளைத் தேடிப்போன காசியான் ஒரு நிகழ்ச்சியை எழுதி வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்ததும் அங்கிருந்த பெரியவர் ஒருவர் அன்றைய நோன்பை முறித்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, நோன்பு எப்போதும் என்னோடு இருக்கும், உங்களை எப்போதும் என்னோடு வைத்திருக்க முடியாதே என்றார். விருந்தினரில் வருவது கிறிஸ்து என்றும், மணமகன் கூட இருக்கும்போது தோழர்கள் நோன்பு இருப்பார்களா என்று ஆண்டவரே கேட்டிருக்கிறார் என்றும் சொன்னார். பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த துறவியே அப்படிச் செய்தார். நீங்கள் திருமணமானவர். வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, போட்டில் கிடைத்ததைத் தின்றுவிட்டு வந்த மனிதருக்கு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்ற ஆசை இருக்காதா? அவர் கோபித்துக்கொண்டது உங்கள் பக்தியின்மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை அவர் எந்தக் கிழமையில் வந்தாலும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். வெள்ளி என்றால் இறைச்சி மட்டும் வேண்டாம், அவ்வளவுதான். அவருக்காகத்தானே நேர்ந்தீர்கள்?

நாத்தனாரிடம் கோபம் வேண்டாம். நம் மாவட்டத்தில் இலத்தீன், சீரோ மலங்கரை, சீரோ மலபார் என்று மூன்று வழிபாட்டு முறையினரும் இருக்கிறோம், மூவரும் கத்தோலிக்கரே. உங்கள் நாத்தனார் சேர்ந்த கிழக்குத் திருச்சபையினரின் பெருநோன்பு திருநீற்றுப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமையே தொடங்கிவிடும். இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்குவது அவர்களுடைய பழைய வழக்கம், அழகான வழக்கம். இலத்தீன் முறையில் கடமையான ஒருசந்தி ஆண்டுக்கு இரண்டே நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றும் ஒரு வேளை முழுச் சாப்பாடும், காலை மாலை சிறிதளவும் உண்டு. 1966இல் ஆறாம் பவுல் அப்படி ஒழுங்குபடுத்தினார். வெள்ளிக்கிழமைகளில் விலக்கச் சொல்வது இறைச்சியை. மீனும் முட்டையும் பாலும் சாப்பிடலாம்.

அதற்காக அவள் கேட்டதில் ஒன்றும் இல்லை என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். கோழிக்கறி இல்லாத குறையைத் தீர்க்க வெள்ளிக்கிழமை பார்த்து நெய்மீன் வாங்கி வறுத்து, விருந்துபோலச் சாப்பிடுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. சட்டம் மீறப்படவில்லை, ஆனால் அதில் ஒறுத்தலும் இல்லை. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் குழம்பும் கடற்கரையில் ஏழையின் அன்றாடச் சாப்பாடு, அதைச் சாப்பிடுகிறவரிடம் போய் இது நோன்பா என்று கேட்பது நியாயம் இல்லை. கஞ்சியும் சிறுபயறும் துவையலும் போதும் என்று இருக்க முடிந்தால் நல்லதுதான். உங்களுக்குக் கஞ்சி எந்த அளவு ஆகும் என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை எல்லோரும் மீனையும் விட்டுவிட வேண்டும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் திங்கள்நகர், கருங்கல், தக்கலை என்று மீனைக் கொண்டுபோய் விற்கும் நம் பெண்களை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அன்று விற்காத மீனுக்கு அவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள். நம்முடைய ஒறுத்தலின் பாரம் அடுத்தவர் அடுப்பில் போய் விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பங்குச் சாமியைப் பார்க்கப் போகும்போது மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். நேர்ச்சை மாற்றப்பட்டதை அந்த அம்மா சாமியின் வாயாலேயே கேட்டால் வீட்டில் பாதிப் பேச்சு குறையும். நீங்கள் சொல்லி அவர்கள் கேட்க வேண்டிய அவசியம் அப்போது இருக்காது. வீட்டுக்காரர் கடலில் இருந்து போன் பண்ணும்போது விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டாம். இது எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த வெள்ளிக்கிழமை வரும்வரை காத்திருக்காமல், மகளை மருத்துவரிடம் கூட்டிப் போய்விட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் நால்வருக்காகவும் ஜெபிக்கிறேன்.